பாதுஷாவுக்கு வனஸ்பதியா, நெய்யா?

கேள்வி:
தீபாவளிக்குப் பாதுஷா செய்ய இருக்கிறேன். எங்கள் வீட்டுக் கணக்கு, கால் கிலோ மைதாவுக்கு 75 கிராம் டால்டா, அதாவது வனஸ்பதி. அப்பாவுக்குக் கொலஸ்ட்ரால் அதிகமாக இருப்பதால் தயக்கமாக உள்ளது. இப்போது வரும் டால்டாவில் கெடுதல் இல்லை என்கிறார் அண்ணி. அது சரியா? நெய்யோ கடலெண்ணெயோ சேர்த்தால் அதே பதம் கிடைக்குமா?

மறுமொழி 1:
அண்ணி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, சகோதரி. தாவர எண்ணெயை ஓரளவுக்கு மட்டும் ஹைட்ரஜனேற்றிக் கெட்டியாக்கும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்புதான் வனஸ்பதிக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது. அது கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டி, நல்லதைக் குறைக்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதன் உச்சவரம்பை 5 விழுக்காட்டிலிருந்து 2021இல் 3 ஆகவும், 2022 ஜனவரியில் 2 ஆகவும் குறைத்துவிட்டது. ஆனாலும் எண்ணெய் உறைந்து நிற்க நிறைவுற்ற கொழுப்பு வேண்டும், அதுவும் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றக்கூடியதே. நெய்யிலும் அது பாதிக்கு மேல் உண்டு. எதைச் சேர்த்தாலும் கிராமுக்கு 9 கலோரி என்பதால், அப்பாவுக்கு எத்தனை பாதுஷா கொடுக்கிறீர்கள் என்பதையே முதலில் பாருங்கள்.

மறுமொழி 2:
பதத்தைப் பற்றிச் சொல்கிறேன். கெட்டியான கொழுப்பு மாவுத்துகள்மேல் படிந்து, தண்ணீர் பட்டதும் மாவு இழுவையாகாமல் தடுப்பதால்தான் பாதுஷா உதிரும் பக்குவத்தில் அடுக்கடுக்காக வருகிறது. கடலெண்ணெயை மாவு உறிஞ்சிக்கொள்ளும், அடுக்கு நிற்காது. உருக்கிய நெய்யும் ஏறக்குறைய அப்படித்தான். நெய்யைக் குளிர்பெட்டியில் மணல்மணலாக உறையவிட்டு, உள்ளங்கைச் சூடு படாமல் விரல்நுனியால் பிசறுங்கள். கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். பிறகு தயிர் விட்டுச் சேர்த்துப் பிடியுங்கள், அழுத்திப் பிசைய வேண்டாம். எண்ணெய் அதிகம் காய்வதற்கு முன்பே போட்டு, மேலே எழும்பியபின் சிறு தீயில் வேகவிடுங்கள். 75 கிராம் டால்டாவுக்கு 65 கிராம் நெய் போதும் என்பது என் அனுபவம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. கடையில் சில்லறையாக நிறுத்துத் தரும் வனஸ்பதியை வாங்கலாமா?

மறுமொழி 1:
வேண்டாம். டிரான்ஸ் கொழுப்பு, நிறைவுற்ற கொழுப்பு இரண்டின் அளவும் உறையில்தான் அச்சாகியிருக்கும். பிரித்து நிறுத்துத் தருவதில் அதைப் பார்க்க வழியில்லை. பொரித்து மிஞ்சும் எண்ணெயையும் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள்.