எங்கள் ஊர் வாத்தியார் எட்டாவது எபிசோடில்தான் வந்தார்

இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானிகளைப் பற்றிய 'மாஸ்டர்ஸ் ஆஃப் தி ஏர்' தொடரின் நடிகர் தேர்வுச் சண்டையை நான் பக்கத்து வீட்டு சோபாவில் உட்கார்ந்து நேரிலேயே பார்த்தேன்.

டெட்ராய்ட் பக்கம் பல வருடமாக இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் கறுப்பினத்தவர், எழுபது வயதைத் தாண்டியவர். 2024 ஜனவரி 26 அன்று தொடர் ஆரம்பித்ததிலிருந்து வாரா வாரம் அவர் வீட்டில்தான் பார்த்தோம். அமெரிக்க விமானிகளாக இத்தனை பிரிட்டிஷ், ஐரிஷ் நடிகர்கள் ஏன் என்று சிலர் சண்டை போட்டார்களே, அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. எனக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை, நன்றாகத்தான் நடித்தார்கள்.

அவர் காத்திருந்தது வேறு ஒருவருக்காக. டிரெய்லரில் நடிகர் ஷூட்டி கட்வா டஸ்கீகி விமானியாக, அதாவது அமெரிக்க ராணுவத்தின் முதல் கறுப்பின விமானிகளில் ஒருவராக வந்தார். அப்படியானால் அலெக்சாண்டர் ஜெஃபர்சனும் வருவார் என்று பெரியவருக்கு ஒரே சந்தோஷம். ஜெஃபர்சனும் நிஜ டஸ்கீகி விமானி, டெட்ராய்ட்காரர். போருக்குப் பிறகு இங்குள்ள பள்ளிகளில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவர், 2022ல் நூறு வயதில் இறந்தார். "நம்ம ஊர் வாத்தியாரைக் காட்டப் போகிறார்கள்" என்று ஒவ்வொரு வாரமும் சொல்வார்.

மார்ச் 8 வரை ஆளையே காணோம். மொத்தம் ஒன்பது எபிசோட், எட்டாவதில்தான் டஸ்கீகி விமானிகள் வந்தார்கள். டேனியல்ஸாகக் கட்வா, ஜெஃபர்சனாக பிராண்டன் குக், மேக்கனாக ஜோசையா கிராஸ். அறிமுகமான அதே எபிசோடிலேயே சுடப்பட்டு விழுந்து கைதியாகிவிடுகிறார்கள். பெரியவர் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

மறுநாள் உடன் வேலை பார்க்கும் ஒருவர், "கறுப்பின விமானிகளை வலிந்து நுழைத்திருக்கிறார்கள்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. 1944 ஆகஸ்ட் 12 அன்று, தென் பிரான்ஸில் நேசப்படைகள் இறங்குவதற்கு மூன்று நாள் முன்பு, தூலோன் அருகே ரேடார் நிலையங்களைத் தாக்கப் போனபோது விழுந்தவர்கள் இவர்கள். ஜெஃபர்சனுக்கு அது 19வது பயணம். பிறகு ஜெர்மானியர்களின் ஸ்டாலாக் லுஃப்ட் 3 கைதி முகாமில் அடைக்கப்பட்டார். தொடரின் நாயகர்கள் இருந்ததும் அதே முகாம்தான். அப்புறம் நுழைத்தது எங்கே? முகாமில் ஜெர்மானியர்கள் அவரை அதிகாரியாக மதித்தார்கள். விடுதலையாகிக் கப்பலில் நியூயார்க் வந்து இறங்கியபோது, வெள்ளையர் வலப்பக்கம், கறுப்பர் இடப்பக்கம் என்று அவருடைய சொந்த ராணுவமே பிரித்து அனுப்பியது. இதை அவரே பல முறை சொல்லியிருக்கிறார்.

இவ்வளவு வாழ்க்கை கையில் இருக்கும்போது ஒரு எபிசோடில் அவசர அவசரமாக முடித்ததுதான் என் குறை. அவர்களைச் சேர்த்தது சரிதான். கட்வா மாதிரி ஒரு நடிகரை விளம்பரத்தில் காட்டி ஆறு வாரம் காக்க வைத்தீர்களே, அவருக்குப் பேச நாலு நல்ல காட்சியாவது கொடுத்திருக்க வேண்டாமா? பெரியவரின் ஏமாற்றம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்த வாரம் அவர் ஜெஃபர்சன் எழுதிய நினைவுநூலைக் கொண்டுவந்து கொடுத்தார். முகாமில் இருந்தபோது ஜெஃபர்சன் வரைந்த படங்கள் அதில் இருக்கின்றன. பாதி படித்திருக்கிறேன். முடித்ததும் அந்த வேலைத்தள நண்பருக்குக் கொடுக்கலாமா என்று கேட்டேன். "தாராளமாகக் கொடு, ஆனால் திருப்பி வாங்கிவிடு" என்றார்.