நூல் வர்ற மில்லுல கட்டாய வேலை இல்லைன்னு எப்படி உறுதி பண்றது?

பனியன்_ஹெச்ஆர் (திருப்பூர்):
எல்லாருக்கும் வணக்கமுங்க. ஏற்றுமதி பனியன் கம்பெனியில ஹெச்.ஆர். வேலை பாக்குறேன். எங்க இங்கிலாந்து பையர் ஒரு படிவம் அனுப்பியிருக்காங்க. எங்க கம்பெனி மட்டுமில்லாம நூல் மில், டையிங், பவர் டேபிள் (கான்ட்ராக்டர் ஆள் வச்சுத் தைச்சுக் குடுக்குற இடம்) வரைக்கும் கொத்தடிமை வேலை எதுவும் இல்லைன்னு காட்டணுமாம். எங்களுக்குப் பாதி நூல் திண்டுக்கல் பக்கத்து மில்லுகள்ல இருந்து வருது. அங்கெல்லாம் விடுதியில தங்கி வேலை பாக்குற பொண்ணுங்கதான் அதிகம். "மில்லுல ஒரு உறுதிமொழிக் கடிதம் வாங்கி அனுப்பிவிடு"ங்கறார் முதலாளி. அதை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போட எனக்கு மனசு வரல. நேர்ல போனா எதைப் பாக்கணும், யாரைக் கேக்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கரூர்_டாக்குமெண்ட்:
கடிதம் மட்டும் போதாதுங்க. இங்கிலாந்தின் 2015 நவீன அடிமைமுறைச் சட்டம், 54ஆம் பிரிவின்படி ஆண்டு விற்றுமுதல் 3.6 கோடி பவுண்டும் அதற்கு மேலும் உள்ள கம்பெனிகள் கட்டாய வேலையைத் தடுக்க என்ன செய்தோம் என்று வருஷா வருஷம் அறிக்கை வெளியிட வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் 2018இல் இதே மாதிரிச் சட்டம் போட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் கடுமை. கட்டாய உழைப்பில் செய்த பொருளை 2027 டிசம்பர் 14 முதல் அங்கே விற்கவே முடியாது. இன்று ஒரு பையர் கேட்பதை நாளை எல்லாரும் கேட்பார்கள்.

ரிங்பிரேம்_அக்கா (வேடசந்தூர்):
தம்பி, கையெழுத்துப் போட மனசு வரலன்னு சொன்னீங்களே, அதுக்காகவே எழுதுறேன். நான் சின்ன வயசுல மூணு வருஷ ஸ்கீம்ல மில்லுக்குப் போனவ. இப்ப தொழிற்சங்கத்துல இருக்கேன்.

சுமங்கலித் திட்டம்னு கேள்விப்பட்டிருப்பீங்க. புரோக்கர் வீடு தேடி வந்து நோட்டீஸ் குடுப்பார். மூணு வருஷம் முடிச்சா கல்யாணச் செலவுக்கு முப்பதாயிரம், நாப்பதாயிரம் மொத்தமாத் தர்றோம்னு சொல்லுவார். மாசாமாசம் கைக்கு வர்றது கொஞ்சந்தான். நடுவுல உடம்புக்கு முடியாம வீட்டுக்குப் போயிட்டா மொத்தப் பணமும் போச்சு. அது என்ன பரிசா? அவ ராத்திரி பகலா நின்னு சம்பாதிச்ச கூலி. அதைப் பிடிச்சு வச்சுட்டா அந்தப் பொண்ணு எங்க போவா? கேட்டுக்குப் பூட்டே தேவையில்ல.

இப்ப அந்தப் பேரை யாரும் சொல்றதில்ல. அதனால பேரைத் தேடாம பணம் எப்படிப் போகுதுன்னு பாருங்க. முதல்ல சம்பள ரிஜிஸ்டர். மூணு வருஷமும் 'பயிற்சியாளர்'னு போட்டிருந்தா விடாதீங்க. நூல் நூற்கிற மெஷின்ல சைடு பாக்க, அதாவது ஒரு பக்கத்து வரிசையைக் கவனிச்சுக்க, கத்துக்க சில மாசம் போதும். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழ குடுத்து வேலை வாங்கினா அதுவே கட்டாய உழைப்புன்னு 1982லயே ஏஷியாட் (டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டி) கட்டுமானத் தொழிலாளர் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு.

அதைவிட முக்கியம், வேலையை விட்டு நின்னவங்க லிஸ்டைக் கேளுங்க. ஆடிட்டுக்கு வர்றவங்க இப்ப வேலையில இருக்குறவங்ககிட்ட மட்டும் பேசிட்டுப் போயிடுறாங்க. பக்கத்துலயே வார்டன் நிக்கும்போது எந்தப் பொண்ணு வாயைத் திறப்பா? ரெண்டாம் வருஷம், மூணாம் வருஷம் நின்ன பொண்ணுங்களை அவங்க ஊர்லயே போய்ப் பாருங்க. கணக்கு எப்ப முடிச்சாங்க, பிடிச்ச பணம் வந்துச்சா, பி.எஃப். கிடைச்சுதான்னு கேளுங்க. ஒரு பெண் ஆளையும் கூட்டிட்டுப் போங்க.

ஒடிசா, ஜார்க்கண்ட் பொண்ணுங்க இருந்தா அவங்க பாஷை தெரிஞ்ச ஆளு நீங்களே கொண்டு போங்க, மில் குடுக்குற ஆளு வேண்டாம். ஊர்லருந்து கூட்டிட்டு வந்தவருக்கு எவ்வளவு குடுத்தீங்க, அட்வான்ஸ் கழியுதா, ஆதார் யார்கிட்ட இருக்குன்னு கேளுங்க. ஏ.டி.எம். கார்டை மறந்துடாதீங்க. சம்பளம் பேங்க்ல போட்டதா ரிஜிஸ்டர் சுத்தமா இருக்கும். கார்டும் நம்பரும் ஏஜெண்ட்கிட்ட இருக்கும்.

மில்_எலக்ட்ரிகல்:
எல்லா மில்லையும் ஒரே மாதிரி சொல்லாதீங்க. நான் இருக்கிற மில்லில் மாதச் சம்பளம் முழுசா வந்துவிடுகிறது. விடுதிப் பெண்களை வெளியே விடாதது பாதுகாப்புக்காகத்தான். பெற்றவர்களே அப்படித்தான் கேட்கிறார்கள்.

ரிங்பிரேம்_அக்கா:
சம்பளம் சரியாக் குடுக்குற மில்லுகள் இருக்கு சார், சந்தோஷம். பெத்தவங்க பயமும் நிஜம். எங்கம்மாவும் பயந்தாங்க. ஆனா பதினெட்டு தாண்டின பொண்ணு ஞாயித்துக்கிழமை கடைக்குப் போக மில்லுகிட்ட கெஞ்சணுமா? பஸ் விடுங்க, போற வர்ற நேரம் எழுதிக்குங்க, ராத்திரி கேட்டுக்குக் காவல் போடுங்க. போகவே கூடாதுங்கறதும் செல்போனைப் பிடுங்கி வைக்கிறதும் பாதுகாப்பு ஆகாது.

பனியன்_ஹெச்ஆர்:
அக்கா, ரொம்ப நன்றிங்க. தப்பு நடக்குதுன்னு தெரிஞ்சா அந்த மில்லோட ஆர்டரை உடனே நிறுத்திடலாமுங்களா?

ரிங்பிரேம்_அக்கா:
உடனே நிறுத்தாதீங்க தம்பி. நீங்க விலகிட்டா அந்தப் பொண்ணுங்க பாக்கிச் சம்பளமும் வராம ஊருக்குத் திரும்புவாங்க. மில்லு வேற கம்பெனிக்கு நூல் போட்டுட்டுப் போயிடும். ஆர்டர் கையில இருக்கும்போதுதான் உங்க பேச்சு எடுபடும். பிடிச்ச பணத்தை எந்தத் தேதிக்குள்ள யார் யாருக்குத் திருப்பித் தர்றாங்கன்னு எழுதி வாங்குங்க. குடுத்தாச்சுன்னு மில் சொன்னா, பொண்ணுங்ககிட்டயே கேட்டுக்குங்க. அதுக்கும் மசியலைன்னா அப்ப நிறுத்துங்க.

கடனைக் காட்டியோ அடிச்சு மிரட்டியோ பிடிச்சு வச்சிருந்தா அது பேசித் தீர்க்குற விஷயமே இல்ல. அன்னைக்கே கலெக்டர்கிட்டயோ வருவாய்க் கோட்டாட்சியர்கிட்டயோ (ஆர்.டி.ஓ.) போங்க. 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. கொத்தடிமைக் கடன் இல்லைன்னு நிரூபிக்க வேண்டியதும் கடன் குடுத்தவர்தான். விடுதலைச் சான்றிதழ் கட்டாயம் வாங்கிக் குடுங்க, மறுவாழ்வு உதவிக்கு அதுதான் ஆதாரம். சின்னப் பிள்ளைங்கன்னா குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் அடிங்க.

புகார்ப் பெட்டியை நம்பாதீங்க. ஆபீஸ் வாசல்ல, கேமராவுக்குக் கீழ மாட்டியிருப்பாங்க. 2021 ஜனவரியில திண்டுக்கல் மாவட்டத்துல தையல் வேலைக்குப் போன ஒரு பொண்ணை அவ சூப்பர்வைசரே கொன்னான். அதுக்கப்புறம் பெண்கள் முன்நின்ன சங்கம் போராடி 2022ல திண்டுக்கல் ஒப்பந்தம் போட்டாங்க. வேலை செய்யுற பெண்கள்லயே சிலருக்குப் பயிற்சி குடுத்து, லைன்ல நடக்குற தொல்லையை அவங்களே கவனிச்சுச் சொல்ல ஏற்பாடு. பெரிய பிராண்டுகளும் அப்பக் கையெழுத்துப் போட்டாங்க. உங்க மில்லுகளையும் அந்த வழிக்குக் கொண்டு வரப் பாருங்க.

இன்னொண்ணு, உங்க முதலாளிகிட்டச் சொல்லுங்க. நூல் விலையை அடிச்சுக் குறைச்சு, ஷிப்மெண்ட் தேதியையும் முன்னால இழுத்தா, அந்த நெருக்கடி ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபிரேம் முன்னால நிக்கிற பொண்ணு மேலதான் விழும். அவ ஓ.டி.க்கு இரட்டைக் கூலி குடுக்க அந்த விலை தாங்குமான்னு கணக்குப் போட்டுப் பாத்தீங்களா?

மில்லுக்குப் போறதுக்கு முன்னால உங்க பவர் டேபிள் கான்ட்ராக்டரைக் கூப்பிடுங்க. வடக்கேயிருந்து வந்த ஒவ்வொருத்தர்கிட்டயும் வேலைக்குன்னு எவ்வளவு வாங்கினார்னு எழுதி வாங்குங்க. ஆளுங்ககிட்டத் தனியாவும் கேளுங்க. ரெண்டு தொகையும் ஒத்துப் போகலைன்னா, ஆளுங்க சொல்ற தொகையை உங்க கம்பெனி அவங்களுக்குத் திருப்பிக் குடுக்கட்டும். கான்ட்ராக்டர் பில்லுல கழிச்சுக்கிறது உங்க பாடு.