புதுப்பிப்பு: ஏற்காடு காபித் தோட்டமும் கிளைமடாவும்

சேர்வராயன் மலையில் எங்கள் காபித் தோட்டத்துக்கு வெயில், பெருமழை ஆபத்தைக் கணக்கிட இலவச மென்பொருள் உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா, சூரிச்சின் இடிஹெச் பல்கலைக்கழகத்தில் உருவான கிளைமடாவையே எடுத்துக்கொண்டேன். பைத்தான் நிரல்மொழியில் எழுதியது, திறந்த மூலநிரல்.

அதோடு வரும் லிட்பாப் என்ற சொத்து மதிப்பீட்டு முறை, இரவு வெளிச்சத்தையும் மக்கள்தொகையையும் வைத்துச் சொத்து மதிப்பைப் பங்கிடுவதால் சேலம் நகரின் பரபரப்பான ஐந்து ரோட்டுக்கு அள்ளிக் கொடுக்கிறது, சில்வர் ஓக் நிழலில் நிற்கும் காபிக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அதனால் உலர்களம், கிடங்கு, ஒவ்வொரு பிளாக்கின் இருப்பிடம், மதிப்பு எல்லாவற்றையும் நானே உள்ளிட்டேன்.

அப்புறம் வெப்பநிலை. இஆர்ஏ5 என்ற உலக வானிலைத் தரவின் ஒரு கட்டம் கால் டிகிரி, சுமார் 27 கி.மீ.; 300 மீட்டருக்குள் இருக்கும் சேலமும் 1,500 மீட்டர் ஏற்காடும் ஒரே கட்டத்தில்! தோட்டத்து வெப்பமானிக் குறிப்புகளை வைத்துத் திருத்தாமல் இதை நம்பவே கூடாது. பழைய குறிப்பேடு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பகிருங்கள்.