டிராகனை முதலில் தொட்டவருக்கே சொந்தம் என்பது நியாயமா?

நாணல்:
1999இல் வந்த எவர்க்வெஸ்ட் என்ற ஆன்லைன் விளையாட்டை அன்று இருந்தபடியே ஓட்டும் ஒரு சர்வரில் இரண்டு வருடமாக விளையாடுகிறேன், கிளெரிக், அதாவது குணப்படுத்தும் பாத்திரம். எங்கள் கில்டில், அதாவது சேர்ந்து விளையாடும் குழுவில், 35 பேர். பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்கள், வீட்டில் சின்னக் குழந்தை உள்ளவர்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், இந்த விளையாட்டில் ரெய்டு பாஸ் எல்லாம், அதாவது பெரிய படையாகச் சேர்ந்து அடிக்க வேண்டிய பெரிய எதிரிகள், எல்லோரும் நடமாடும் திறந்த உலகத்திலேயே நிற்கும். சர்வர் முழுவதற்கும் ஒரே நாகஃபென், ஒரே வாக்ஸ், இரண்டும் டிராகன்கள். யாராவது கொன்றுவிட்டால் மறுபடி வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், எந்த மணிக்கு என்று சொல்ல முடியாது. முதலில் பாஸைத் தொட்டு இழுத்த கில்டுக்கே அது சொந்தம் என்பது எங்கள் சர்வர் விதி.

போன சனிக்கிழமை வாக்ஸ் இருக்கும் பெர்மாஃப்ராஸ்ட்டில் நான்கு மணி நேரம் காத்திருந்தோம். வாக்ஸ் வந்த அதே நொடி பெரிய கில்டு ஒன்றின் ஆள் ஒருவர் ஓடிவந்து தொட்டுவிட்டார். பத்து நிமிடத்தில் அவர்களுடைய மொத்தப் படையும் வந்து இறங்கியது. நாங்கள் சுவரோரம் நின்று பார்த்தோம். அன்றைக்கென்று விடுப்பு எடுத்து வந்தவர்கள் இரண்டு பேர்.

நிர்வாகிகளிடம் முறை வைத்துக் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாமா? இல்லை, உழைக்காமல் பலன் கேட்கிறேனா? நேராகச் சொல்லுங்கள்.

கோவை_டிராக்கர்:
நான் அந்தப் பக்கத்து ஆள், அதனால் கோபப்படாமல் படியுங்கள். இதே மாதிரி சர்வரில் மூன்று வருடம் பெரிய கில்டு ஒன்றுக்கு டிராக்கராக இருந்தேன். நியூயார்க்கில் விடிகாலை நாலு மணி என்றால் கோடையில் நமக்கு மதியம் ஒன்றரை. கில்டின் அமெரிக்கர்கள் தூங்கும் நேரத்தில் பாஸ் வரும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. வந்ததும் பேட்போன், அதாவது எல்லோரையும் எழுப்பும் அவசர அழைப்பு, அடிப்பேன், நாற்பது பேர் படுக்கையிலிருந்து எழுந்து வருவார்கள். அந்தப் பரபரப்பு வேறு எந்த விளையாட்டிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

உண்மையைச் சொன்னால் வாக்ஸை அடிப்பது கஷ்டமே இல்லை. எந்த இடத்தில் நிற்க வேண்டும், எந்த மந்திரத்தை எப்போது போட வேண்டும் என்று இருபது வருடமாக எல்லோருக்கும் மனப்பாடம். அங்கே மிச்சம் இருக்கும் ஒரே சவால் எதிரிக் கில்டுதான், அதையும் எடுத்துவிட்டு முறை வைத்துக் கொடுத்தால் அப்புறம் ரேஷன் கடை வரிசைதான். உங்களைப் போல மூன்று சின்னக் கில்டுகள் சேர்ந்து வாருங்கள், நாங்களே திணறுவோம்.

பழைய_விசிறி:
டிராக்கர் சொல்வதில் பாதி சரி. ஆனால் போட்டி என்பது தோற்றவன் அடுத்த வாரம் திரும்பி வர முடிகிற மாதிரி இருக்க வேண்டும். ஸ்லீப்பர்ஸ் டூம் கதை தெரியுமா? 2000 கடைசியில் வெலியஸ் என்ற விரிவாக்கத்தோடு எவர்க்வெஸ்ட்டில் வந்த இடம். உள்ளே நான்கு காவலர்கள், அவர்களிடம்தான் பிரைமல் ஆயுதங்கள். நான்கு பேரையும் கொன்றால் அங்கே தூங்கும் கெராஃபிர்ம் என்ற டிராகன் விழித்துவிடும், அதோடு அந்தச் சர்வரில் அந்தக் காவலர்களும் கிடையாது, அந்த ஆயுதங்களும் கிடையாது. வேண்டிய அளவு எடுத்துக்கொண்ட ஒரு கில்டு எழுப்பிவிட்டால், பின்னால் வருகிற எல்லோருக்கும் கதவு மூடியாயிற்று. ஒரு கில்டு எடுக்கும் முடிவுக்குச் சர்வர் முழுக்க விலை கொடுப்பதை நான் போட்டி என்று சொல்ல மாட்டேன்.

அதே டிராகனிடம்தான் எனக்குப் பிடித்த சம்பவமும் இருக்கிறது. 2003 நவம்பரில் ராலோஸ் ஸெக் சர்வரில், அதுவும் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்ளும் சர்வர், மூன்று பெரிய கில்டுகள் பகையை ஓரம் வைத்துவிட்டுச் சேர்ந்தன. ஏறக்குறைய 200 பேர், மூன்று மணி நேரம் போல அடித்தார்கள், கொல்லவே முடியாது என்று எல்லோரும் நம்பிய கெராஃபிர்ம் விழுந்தது. பூட்டிய அறைக்குள் ஆளுக்கொரு டிராகன் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது, இதையும் நாணல் யோசிக்க வேண்டும்.

மீனாட்சி_ஹீலர்:
இதற்கெல்லாம் விடை கண்டுபிடித்து வருடக்கணக்காகிறது. 2015இல் எவர்க்வெஸ்ட்டின் ஃபினிகல் சர்வரில் இரண்டும் வைத்தார்கள். திறந்த உலகத்து டிராகன் அப்படியே நிற்கும், வேண்டியவர்கள் அடித்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு அதே பாஸ் தனி இன்ஸ்டன்ஸில், அதாவது அந்தக் குழுவுக்கு மட்டுமான நகல் இடத்தில், லாக்அவுட்டோடு, அதாவது ஒரு தடவை அடித்தால் மறுபடி அடிக்கக் குறிப்பிட்ட காலம் காத்திருக்க வேண்டும். யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். வாவ்-இல் (வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில்) 2006இல் வந்த முதல் நாக்ஸ்ராமஸ் ரெய்டை உள்ளே போய்ப் பார்த்தவர்களே கொஞ்சம், அதனால் 2008இல் அதையே திருப்பிக் கொடுத்தார்கள். 2011இல் ரெய்டு ஃபைண்டரும் வந்தது, பொத்தானை அழுத்தினால் முகம் தெரியாத 24 பேரோடு உள்ளே போகலாம். கதை முடிவைப் பார்த்தேன், சந்தோஷம்தான். ஆனால் யார் பெயரும் நினைவில் இல்லை. என் கல்யாணத்துக்கு வந்த கில்டு நண்பர்கள் எல்லாம் அதற்கு முந்தைய காலத்தவர்கள். கதவைத் திறங்கள், ஆனால் கில்டாகத்தான் உள்ளே போக வேண்டும் என்று வையுங்கள்.

நாணல்:
எல்லோருக்கும் நன்றி. டிராக்கர் அண்ணா, மூன்று கில்டு சேர்ந்து பார்த்தோம். ஒவ்வொரு கில்டுக்கும் ஒவ்வொரு டிகேபி கணக்கு, அதாவது விழும் பொருளை யாருக்குக் கொடுப்பது என்ற புள்ளிக் கணக்கு, ஒரே ஒரு அங்கி விழுந்ததில் கூட்டணி உடைந்தது. அது எங்கள் தவறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொல்லும் சவாலில் திறமை எங்கே இருக்கிறது? மதியம் ஒன்றரைக்கு யார் வீட்டில் சும்மா இருக்க முடியும் என்பதைத்தானே அளக்கிறோம்? அலாரம் கேட்டதும் எழுந்து வருகிற நாற்பது பேரை நான் மதிக்கிறேன். என்னால் எழ முடியாது, ஐந்து மாதக் குழந்தையை இப்போதுதான் தூங்க வைத்திருப்பேன்.

மீனாட்சி அக்கா சொன்ன இரண்டும்-இருக்கட்டும் வழியைத்தான் கேட்டு எழுதப்போகிறேன். முதலில் ரேஜ்ஃபயர் என்ற பாஸுக்கு மட்டும், கிளெரிக்கின் எபிக் என்ற சிறப்பு ஆயுதத்துக்கு அது வேண்டும். மானா (மந்திர சக்தி) செலவில்லாமல் செத்தவர்களை எழுப்பும் ஆயுதம் அந்த எபிக், எந்தக் கில்டில் இருந்தாலும் ரெய்டில் எல்லோருக்கும் உதவும். அதற்காக எங்கள் கில்டில் நான்கு கிளெரிக்குகள் 14 மாதமாகக் காத்திருக்கிறோம்.

கோவை_டிராக்கர்:
ரேஜ்ஃபயருக்கு என்றால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். வாக்ஸுக்குப் போட மாட்டேன்.