வெள்ளை குளோவரில் வேர்முடிச்சு இருக்கிறது, வேலை செய்யவில்லை

ஊட்டி பக்கம், சுமார் 2,200 மீட்டர் உயரம். ஒன்றரை ஏக்கர் கிக்குயூ புல் மேய்ச்சல், ஐந்து ஜெர்சி கலப்பினக் கறவைகள். புல்லை ஒட்ட மேயவிட்டு, ஜூன் முதல் வாரம் ஏக்கருக்கு 2 கிலோ வெள்ளை குளோவர் (பயறுவகைத் தீவனச் செடி) விதை மேலாகத் தூவியது. முளைப்பில் குறையில்லை. ஆறாவது வாரத்தில் அடியிலை வெளிறி, வளர்ச்சி நின்றுவிட்டது. மண்ணோடு பெயர்த்துப் பார்த்தால் கடுகைவிடச் சின்ன முடிச்சுகள் வேர் நெடுக இறைந்து கிடக்கின்றன. நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளை. வேலை செய்யும் முடிச்சில் இருக்கும் இளஞ்சிவப்பு துளியும் இல்லை.

மண் பி.ஹெச். 4.9. மார்ச்சில் ஏக்கருக்கு ஒரு டன் டோலமைட் போட்டு 5.4க்கு வந்தது. அடியுரம் சூப்பர் பாஸ்பேட் 100 கிலோ. விதைக்கு, பெர்சீம் தீவனப் பயிருக்கு விற்கும் ரைசோபியத்தை (வேர்முடிச்சில் இருந்து காற்றின் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பாக்டீரியா) ஆறிய கஞ்சியில் கலந்து நிழலில் உலர்த்தியது (அதுவும் குளோவர் இனம்தானே என்ற கணக்கு). ஒரு சதுர மீட்டரில் மட்டும் யூரியா கரைசல் ஊற்றியதில் பத்து நாளில் பச்சை திரும்பியது. ஆக, பற்றாக்குறை தழைச்சத்துதான். எல்லா இடத்துக்கும் யூரியா போட்டால் கிக்குயூதான் எழும்பி குளோவரை மூடும்.

பெர்சீம் ரைசோபியம் வெள்ளை குளோவருக்கு ஒத்துப்போகாததா, இந்தப் புளிப்பு மண்ணில் மாலிப்டினம் (முடிச்சு வேலை செய்யத் தேவையான நுண்சத்து) கிடைக்காததா, எது காரணம் என்று நிற்கும் பயிரிலேயே எப்படிப் பிரித்துப் பார்ப்பது?