தலைமன்னார் - இராமேஸ்வரம் கப்பல் திரும்ப ஓடவேணுமா?

உவர்மலையான்:
அம்மாவுக்கு 74 வயசு. 1990 சண்டைக்குள்ள கைக்குழந்தையா இருந்த என்னையும் தூக்கிக்கொண்டு மன்னாருக்குப் போய், வள்ளம் ஏறி, இந்தியாவில மண்டபம் அகதி காம்ப்ல பதிஞ்சு இருந்தவ. இராமேஸ்வரம் கோயிலை இன்னொருக்காப் பாக்கவேணுமாம். இப்ப இருக்கிற கப்பல் காங்கேசன்துறை - நாகப்பட்டினம். இங்க திருகோணமலையில இருந்து யாழ்ப்பாணம் தாண்டிப் போய்க் கப்பலேறி, அங்க இறங்கி, தொண்டிப் பக்கத்தால திரும்பத் தெற்க பஸ்ஸில வரவேணும். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில 30 கிலோமீட்டர் அளவு கடல்தான் இருக்கு! 1914 இல பாம்பன் பாலம் திறந்த கையோட ரயிலும் கப்பலும் சேத்து ஒரே டிக்கெட்டில சென்னையில இருந்து கொழும்புக்குச் சனம் வந்தது. 64 புயல் தனுஷ்கோடியை அழிச்ச பிறகும் இராமேஸ்வரத்தில இருந்து கப்பல் வந்தது, சண்டை தொடங்கத்தான் நிண்டது. திரும்ப விடச் சொல்லி நாங்க எல்லாரும் சேந்து கடிதம் குடுக்கவேணும்.

சல்லிக்கரை:
தம்பி, அம்மான்ட ஆசை நியாயம். ஆனா கப்பலுக்கு நான் எதிர்ப்பு. நான் மன்னார் பேசாலையில கலியாணம் கட்டினவன், மச்சான்மார் தொழில் செய்யிற கடல் அது. இராமேஸ்வரத்தில இருந்து கிழமைக்கு மூண்டு நாள் றோலர் (கடலடியை வாரி இழுவைமடி இழுக்கிற பெரிய படகு) வெளிக்கிடும், அண்டைக்கு இரவு எங்கட ஆக்கள் வலை விடப் பயந்து வீட்ட இருப்பாங்க, விட்டா விடிய வலை இருக்காது, மூத்த மச்சான்ட வலை அப்பிடித்தான் போனது, கடனுக்கு எடுத்த வலை, இன்னும் கட்டுறார். இங்க இழுவைமடியை 2017 இல சட்டம் போட்டுத் தடை செஞ்சாச்சு. அங்கால என்ன நடந்தது? முதல்ல வலைக்கு ஒரு முடிவு, பிறகு கப்பல்.

உவர்மலையான்:
அண்ணா, இராமேஸ்வரம் எண்டா றோலர் முதலாளிமார் மட்டுமா? வள்ளக்காரன் எங்களை இரவோட இரவா மணல் திட்டியில இறக்கிவிட்டுட்டுப் போயிட்டான். விடிய வந்து தண்ணி தந்து கரை சேத்தது அந்த ஊர் மீன்பிடிக்காரர்தான். அம்மா அதை இண்டைக்கும் சொல்லுவா.

சல்லிக்கரை:
அவர் நாட்டுப்படகுக்காரராத்தான் இருப்பார். றோலரால அவருக்கும் நட்டம்தான். அது எனக்குத் தெரியும்.

தம்பலகாமத்தான்:
கோயில் கதையையும் பாருங்க. சம்பந்தர் எங்கட திருகோணமலைக் கோணேசர் பதிகத்தை இராமேஸ்வரத்தில நிண்டு இந்தப் பக்கம் பாத்துப் பாடினார் எண்டுதான் பெரிய புராணம் சொல்லுது. இராமேஸ்வரம் கோயில் கருவறைத் திருப்பணிக்கு யாழ்ப்பாண அரசர் காலத்தில கல்லு திருகோணமலையில இருந்து போனதெண்டும் கதை இருக்கு. நாங்க போய்வர ஒரு வழி கேக்கிறது பிழையில்ல.

நிலாவெளி அக்கா:
கப்பல் வாறபோது வரட்டும் தம்பி, 74 வயசுக்காரரை அலைக்காதீங்க. யாழ்ப்பாணம் பலாலியில பிளேன் ஏறிச் சென்னையில இறங்குங்க, எழும்பூரில பின்னேரம் ரயில் ஏறினா விடிய இராமேஸ்வரம். அந்த ரயிலுக்கு இன்னும் கப்பல் காலத்துப் பேர்தான், போட் மெயில். நான் 2023 இல போனபோது பழைய பாலம் பழுதெண்டு ரயில் மண்டபத்தோட நிண்டுட்டுது, சாமானோட பஸ் மாறிப் பட்ட பாடு! 2025 ஏப்ரலில புதுப் பாலம் திறந்த பிறகு ரயில் ஊருக்குள்ளயே போகுது. அங்க ஆட்டோவுக்கு ஏற முதல் விலை பேசுங்க. 22 தீர்த்தமும் ஆட விடாதீங்க, கிணத்துக்குக் கிணறு வாளியால ஊத்துவாங்க, நிலம் எல்லாம் ஈரம், எனக்கு முன்னால ஒரு வயசான அம்மா வழுக்கி விழுந்தவ. கடல்ல கால் நனைச்சாக் காணும். மூண்டாம் பிரகாரத்தை மட்டும் ஆறுதலா நடத்திக் கூட்டிக்கொண்டு போங்க, 1200க்கு மேல தூண், அம்மாவுக்கு எல்லாம் ஞாபகம் வரும்.

உவர்மலையான்:
அப்ப கப்பல் வேண்டாமா அக்கா? பிளேனுக்குக் காசில்லாத சனம் இஞ்ச எவ்வளவு இருக்கு!

சல்லிக்கரை:
சரி, கடிதம் எழுதுங்க. கப்பல் கேக்கிற அதே கடிதத்தில இழுவைமடியையும் எழுதினா நானும் கையெழுத்து வைப்பன், பேசாலையிலயும் வாங்கித் தருவன். வலையை விட்டுட்டு எழுதினா என்னைக் கேக்கவேண்டாம்.

உவர்மலையான்:
எழுதுறன் அண்ணா, ரெண்டையும். ஆனா அதுவரைக்கும் அம்மாவைக் காக்கவைக்க ஏலாது, மாசிக்குள்ள சென்னையால கூட்டிக்கொண்டு போறன். அக்கா, விடியக் காட்டுற ஸ்படிக லிங்கத்துக்கு எத்தனை மணிக்கு வரிசையில நிக்கவேணும்?

நிலாவெளி அக்கா:
அஞ்சு மணிக்கு முந்தி. கல்லு குளிரும், அம்மாவுக்கு ஒரு சால்வை கொண்டு போங்க.