சின்ன நாய்க்கு கருத்தடை ஆபரேஷன், செலவு கம்மியா ஆனா பத்திரமா சென்னைல எங்க பண்ணலாம்?

அயனாவரம் கீதா:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டு ஜில்லுக்கு ரெண்டு வயசு ஆகுது, பாக்க பொமேரியன் மாதிரி இருப்பா ஆனா ஸ்பிட்ஸ்னு சொல்றாங்க, எடை 4.8 கிலோ தான். இதுவரைக்கும் மூணு தடவை ஹீட்டுக்கு, அதான் இணை சேர்ற பருவத்துக்கு வந்துட்டா, கடைசி ஹீட் முடிஞ்சு அஞ்சு வாரம் ஆச்சு. ஒவ்வொரு தடவையும் மூணு வாரம் எங்களுக்கு தூக்கமே கிடையாது, தெரு நாய் ஏழெட்டு கேட்டுகிட்டயே படுத்து கெடக்கும், ஹவுஸ் ஓனர் வேற தினமும் ஒரு பேச்சு. இந்த தடவை அது முடிஞ்சப்புறம் இன்னொன்னு, என் பொண்ணோட செருப்பு ஒன்ன இழுத்துட்டு போய் கட்டிலுக்கு அடியில வச்சுகிட்டு குட்டிய பாத்துக்குற மாதிரி அதுமேலயே படுத்து கெடக்குறா, யாராவது கிட்ட போனா உறுமுறா, மார்ல பால் கூட லேசா வருது. அத பாக்க எனக்கு மனசே தாங்கல, அதான் இந்த தடவை ஆபரேஷன் பண்ணியே ஆகணும்னு முடிவு பண்ணிட்டேன்.

பிரச்சனை என்னன்னா பக்கத்துல ஒரு கிளினிக்ல 13,000 சொல்றாங்க, இன்னொரு எடத்துல 7,000, காலைல விட்டா சாயங்காலம் கூட்டிட்டு போகலாம்னு சொல்றாங்க. நான் வீட்ல தையல் மெஷின் வச்சு பொழைக்குறவ, அவர் கூரியர் வேலை. 13,000ம் கட்டலாம் ஆனா ரெண்டு மாசம் இழுக்கும். வேப்பேரி வெட்னரி காலேஜ் ஆஸ்பத்திரில பண்ணா ரொம்ப கம்மின்னு சொல்றாங்க, ஆனா அங்க ஸ்டூடண்ட்ஸ் தான் அறுப்பாங்கன்னு பயமுறுத்துறாங்க. எங்க தெருவுல ஒருத்தர் வீட்டு நாய் போன வருஷம் இதே ஆபரேஷன்ல கண்ணே முழிக்காம போயிடுச்சு, அதுல இருந்து எனக்கு பயம். மாமியார் ஒரு குட்டி போடட்டும், அப்புறம் பண்ணு, அதான் ஒடம்புக்கு நல்லதுன்றாங்க. பண்ணவங்க யாராவது சொல்லுங்களேன்.

சூளை பாஸ்கர்:

தங்கச்சி, நான் 2022ல எங்க டாஷண்டுக்கு வேப்பேரி வெட்னரி காலேஜ் ஆஸ்பத்திரில தான் பண்ணேன். 1903ல ஆரம்பிச்ச காலேஜ் அது, ஸ்டூடண்ட்ஸ் பக்கத்துல இருப்பாங்க, எடுத்து குடுப்பாங்க, பாப்பாங்க, ஆனா புரொஃபசர்ங்க மேற்பார்வை இல்லாம நடக்காது. எங்க புள்ள மேஜைல இருந்தப்போ சுத்தி நாலு பேர் நின்னாங்க, ஒரு பொண்ணு முழு நேரமும் மூச்ச மட்டும் எண்ணிட்டு இருந்துச்சு, அத்தன கண்ணு தனியார்ல கூட கிடைக்காதுன்னு தான் எனக்கு தோணுச்சு. கட்டுன ஃபீஸ் ரொம்ப கம்மி, வெளிய மெடிக்கல்ல வாங்குன மருந்து, தையல நக்காம இருக்க கழுத்துல மாட்டுற கோன், டெஸ்ட் எல்லாம் சேத்தும் எனக்கு அப்போ மூவாயிரத்த தாண்டல. இப்போ எவ்வளவுன்னு கவுண்டர்ல கேட்டுக்கோங்க.

ஆனா காசு மிச்சமாகுறது நேரத்துல போயிடும், அத முன்னாடியே தெரிஞ்சுக்கணும். மொத நாள் சீட்டு போட்டு டாக்டர பாக்கணும், ரத்தம் எடுப்பாங்க, ரிசல்ட்டோட திரும்ப போனா தேதி குடுப்பாங்க, ஆபரேஷன் அன்னிக்கு காலைல போனா வீடு திரும்ப சாயங்காலம் ஆயிடும், அப்புறம் தையல் பிரிக்க ஒரு நாள். எனக்கு மொத்தம் நாலு நாள் லீவு போச்சு. கூட்டம் அதிகம், ஆடு மாடு கூட வண்டில ஏத்திட்டு வருவாங்க. அதனால ஜில்லுவ கூடைல வச்சு மடியிலயே வச்சுக்கோங்க, தரைல விடாதீங்க, பார்வோ டிஸ்டெம்பர்னு நோயோட வர்ற நாய் எத்தனையோ அங்க வரும். தடுப்பூசி எல்லாம் போட்டு முடிச்சிருந்தா தான் போங்க, கார்டையும் எடுத்துட்டு போங்க, கார்ப்பரேஷன் லைசென்ஸ் எடுக்கவும் அதே வெறிநாய் ஊசி கார்டு தான் கேப்பாங்க.

விக்கி வேளச்சேரி:

சிஸ்டர், ப்ளூ கிராஸ்லயோ கார்ப்பரேஷன்லயோ ஃப்ரீயா பண்றாங்களே, அங்க போலாமே?

கிளினிக் லதா:

விக்கி தம்பி, அது தெரு நாய்க்கு. சென்னைல ப்ளூ கிராஸ் 1964லயே தெரு நாய்ங்களுக்கு கருத்தடை பண்ண ஆரம்பிச்சாங்க, கார்ப்பரேஷனும் அதுக்குன்னு தனி சென்டர் வச்சிருக்கு, ஆனா வீட்டு நாய்க்கு கருத்தடை பண்றது ஓனர் பொறுப்புன்னு மத்திய அரசோட 2001 நாய் கருத்தடை ரூல்ஸ்லயும் இருந்துச்சு, 2023ல வந்த புது ரூல்ஸ்லயும் இருக்கு. சில தொண்டு நிறுவனம் வீட்டு நாய்க்கும் குறைஞ்ச காசுக்கு பண்றாங்க, ஃபோன் போட்டு கேட்டா சொல்லிடுவாங்க. அப்புறம் ஒன்னு, தெரு நாய் சென்டர்ல தினமும் இதே ஆபரேஷன் பண்ற டாக்டர்ங்களுக்கு கை அவ்வளவு பழகி இருக்கும், சின்னதா கிழிச்சு சீக்கிரம் முடிச்சிருவாங்க. அப்படி ஒருத்தர் தனியா கிளினிக் வச்சிருந்தா அவர்கிட்ட தாராளமா போகலாம்.

கீதா, நான் ஒன்பது வருஷமா ஒரு கிளினிக்ல அசிஸ்டென்ட்டா இருக்கேன், டாக்டர் இல்ல, ஆனா மேஜை பக்கத்துல நின்னு பாத்தவ. எங்க பண்றதுங்குறத விலைய வச்சு முடிவு பண்ணாதீங்க. 13,000 எடத்துலயும் 7,000 எடத்துலயும் வேப்பேரிலயும் ஒரே கேள்விங்கள கேளுங்க. ரத்த டெஸ்ட் எடுப்பீங்களா? நம்ம ஊர்ல இது ரொம்ப முக்கியம்மா, ஏன்னா உண்ணி. உண்ணி காய்ச்சல் வந்த நாய் வெளிய நல்லாத்தான் ஓடிட்டு இருக்கும், உள்ள பிளேட்லெட் இறங்கி கெடக்கும், அத பாக்காம வயித்த திறந்தா ரத்தம் உறையாது. உங்க தெருவுல அந்த வீட்டு நாய் எதனால செத்துச்சுன்னு எனக்கு தெரியாது, ஆனா டெஸ்ட் இல்லாம இன்னிக்கே பண்ணிடலாம் வாங்கன்னு சொல்ற எடத்துக்கு நான் என் நாய அனுப்ப மாட்டேன்.

அடுத்தது மயக்கம். தொண்டைல ட்யூப் போட்டு ஆக்சிஜன் குடுப்பாங்களா, கைல கேனுலா போட்டு டிரிப்ஸ் ஓடுமா, ஆபரேஷன் பண்றவர் தவிர மூச்சையும் ஹார்ட்பீட்டையும் பாக்க தனியா ஒரு ஆள் இருப்பாரா. கடைசி கேள்விய கட்டாயம் கேளுங்க. டாக்டர் கவனம் பூரா வயித்துக்குள்ள இருக்கும்போது நாக்கு நீலம் ஆகுறத பாக்க வேற ஒரு ஆள் வேணும். அன்னிக்கு காலைல எடை போட்டு தான் மருந்து அளக்கணும், 4.8 கிலோல அரை கிலோ தப்பா கூட்டி எழுதுனா மருந்து பத்துல ஒரு பங்கு கூடிடும், லேப்ரடாருக்கு அது ஒன்னுமில்ல, இவளுக்கு அது பெருசு. சின்ன ஒடம்பு சீக்கிரம் குளிர்ந்தும் போயிடும், முடிய ஷேவ் பண்ணி ஏசி ரூம்ல வச்சா இன்னும் வேகமா. அதனால சூடு எப்படி வைப்பீங்கன்னு கேளுங்க, நீங்களும் ஒரு கம்பளி கொண்டு போங்க.

முதல் நாள் ராத்திரி எத்தன மணிக்கு சாப்பாடு நிறுத்தணும், தண்ணி எது வரைக்கும்னு டாக்டர்கிட்டயே கேட்டு எழுதிக்கோங்க. சின்ன நாய ரொம்ப நேரம் பட்டினி போட்டா சுகர் இறங்கிடும், குட்டிங்களுக்கு இன்னும் மோசம். அதனால முதல் ஆளா எடுக்க சொல்லி கேளுங்க.

ஆனா இப்பவே ஓடாதீங்க. ஹீட் முடிஞ்சு ரெண்டு மூணு மாசம் கழிச்சு பண்றது தான் நல்லது, ஹீட் சமயத்துல ரத்த ஓட்டம் அதிகமா இருக்கும். அவளுக்கு இப்போ இருக்குறது பொய் கர்ப்பம், வயித்துல குட்டி இல்லாமலே ஒடம்பு அப்படி நடந்துக்கும், பால் வத்தட்டும். மார அழுத்தி பாக்காதீங்க, பிழிஞ்சா இன்னும் சுரக்கும். செருப்ப அவ வெளிய போற நேரம் பாத்து எடுத்து ஒளிச்சு வச்சிருங்க.

விருகம்பாக்கம் சுதா:

உங்க மாமியார் சொல்றத தான் எங்க அம்மாவும் சொன்னாங்க கீதா, அதுக்கப்புறம் எங்க நாய் குட்டியும் போடல, நாங்க ஆபரேஷனும் பண்ணல, வருஷம் ஓடிடுச்சு. எட்டு வயசுல ஒரு ஹீட் முடிஞ்சு ஒன்றரை மாசம் இருக்கும், திடீர்னு தண்ணி குடிச்சுட்டே இருந்தா, சாப்பாட்ட மோந்து பாத்துட்டு போயிடுவா, வெயிலுக்குன்னு நெனச்சோம். கர்ப்பப்பைல சீழ் கட்டுறதுன்னு ஒன்னு இருக்குன்னே எங்களுக்கு தெரியாது, பயோமெட்ராவாம். சில நாய்க்கு சீழ் வெளிய ஒழுகும், இவளுக்கு கர்ப்பப்பை வாய் மூடியிருந்ததால ஒரு சொட்டு கூட வரல, வயிறு மட்டும் உப்புச்சு. நடுராத்திரி ஒரு எடத்துல 30,000 கட்டி அதே கர்ப்பப்பைய தான் எடுத்தாங்க, ரெண்டாம் நாள் கிட்னி ஃபெயிலாகி செத்து போயிட்டா. ஆரோக்கியமா இருக்கும்போது பண்ணியிருந்தா இன்னிக்கும் இருந்திருப்பா.

ஒரு குட்டி போட்டா நல்லதுங்குறதுக்கு ஆதாரம் எதுவும் இல்லன்னு அந்த டாக்டரே சொன்னாரு. முதல் ஹீட்டுக்கு முன்னாடி பண்ணா மார்புக் கட்டி வர வாய்ப்பு ரொம்ப குறையுமாம், உங்களுக்கு அந்த காலம் தாண்டிடுச்சு, ஆனா இந்த சீழ் பிரச்சனை இனிமே வராம பாத்துக்கலாம். தயவுசெஞ்சு தள்ளி போடாதீங்க. காத்திருக்குற இந்த ரெண்டு மாசத்துல தண்ணி அதிகமா குடிச்சா, வாந்தி எடுத்தா, சோர்ந்து படுத்தா, தேதி வரட்டும்னு இல்லாம அன்னிக்கே தூக்கிட்டு ஓடுங்க.

அயனாவரம் கீதா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, சுதா அக்கா எழுதுனத மாமியாருக்கு படிச்சு காட்டுனேன், ஒன்னும் பேசல, சாயங்காலம் அவங்களே எப்போ கூட்டிட்டு போறேன்னு கேட்டாங்க.

அந்த ரெண்டு கிளினிக்குக்கும் ஃபோன் பண்ணி லதா அக்கா சொன்ன கேள்விய அப்படியே கேட்டேன். 13,000 எடத்துல எல்லாத்துக்கும் பொறுமையா பதில் சொன்னாங்க, 7,000 எடத்துல டெஸ்ட் எல்லாம் தேவையில்ல சின்ன வயசு தானேன்னாங்க. அங்க வேணாம்னு விட்டுட்டேன். வேப்பேரிக்கு போனேன் அண்ணா, ரத்தம் எடுத்ததுல பிளேட்லெட் கம்மி, உண்ணி காய்ச்சல்னு சொல்லி டாக்ஸிசைக்ளின்னு ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரை 28 நாள் எழுதி குடுத்திருக்காங்க. ஒடம்புல ஒரு உண்ணிய கூட நான் பாத்ததில்ல. ரிப்போர்ட்ட கைல வாங்குனப்போ ஒடம்பே நடுங்கிடுச்சு, அந்த 7,000 எடத்துல விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்.

கிளினிக் லதா:

நல்ல வேளை கண்டுபிடிச்சாங்க. மாத்திரைய வெறும் வயித்துல குடுக்காதீங்க, சாப்பாடு குடுத்துட்டு குடுங்க, முழுங்குனதும் கொஞ்சம் தண்ணி. நடுவுல நல்லா ஆயிட்டான்னு நிறுத்திடாதீங்க, முடிஞ்சதும் திரும்ப ரத்தம் பாக்கணும். உண்ணி மருந்தும் கேட்டு வாங்கிடுங்க.

அயனாவரம் கீதா:

ரெண்டு மாசம் கழிச்சு வரேன். பிளேட்லெட் சரியாச்சு, போன செவ்வாய் ஆபரேஷன் முடிஞ்சுது, முதல் ஆளா எடுத்தாங்க. ராத்திரி பூரா முனகிட்டே இருந்தா, மறுநாள் கொஞ்சமா தயிர் சாதம் சாப்பிட்டா, இப்போ சோஃபாவுல ஏறாம தடுக்குறது தான் வேலையா இருக்கு. கோன் போட்டா செவுத்துல முட்டி முட்டி அழுறா, அதனால பழைய காட்டன் ப்ளவுஸ் துணியில நாலு காலுக்கு ஓட்டை விட்டு முதுகுல நாடா வச்சு ஒரு சட்டை தைச்சு போட்டிருக்கேன். தையல் பிரிக்க இன்னும் ஆறு நாள் இருக்கு, இது மட்டும் போதுமா அக்கா? வலிக்குற மாதிரி தெரிஞ்சா வீட்ல இருக்குற பாராசிட்டமால் கால்வாசி குடுக்கலாமா?

கிளினிக் லதா:

பாராசிட்டமால், ப்ரூஃபென் எதுவும் வேணவே வேணாம், மனுஷங்க வலி மாத்திரை நாய்க்கு விஷமா போயிடும், அங்க எழுதி குடுத்த மருந்து மட்டும் சொன்ன அளவுல குடுங்க, பத்தலன்னா டாக்டர்ட்ட கேளுங்க. சட்டை நல்ல யோசனை, ஆனா துணி மேலயே நக்குவா, ஈரமானா ஒடனே மாத்தணும், அதனால இன்னும் ரெண்டு தைச்சு வச்சுக்கோங்க. நீங்க பக்கத்துல இருக்குற நேரம் சட்டை, தூங்கப் போகும்போது கோன். தினமும் ரெண்டு வேளை சட்டைய கழட்டி தையல பாருங்க, லேசா வீங்கியிருந்தா பரவால்ல, நாத்தமோ ஒழுகலோ இருந்தா அன்னிக்கே காட்டுங்க.

அயனாவரம் கீதா:

இப்போ தான் பாத்தேன் அக்கா, காஞ்சு தான் இருக்கு. இன்னும் ரெண்டு சட்டை வெட்டி வச்சுட்டேன், ராத்திரிக்குள்ள தைச்சிடுவேன்.